இல்லை என்று கண்டுபிடித்தவர்

சனிக்கிழமை காலை, பினாங்கில் பாயான் பாரு சந்தையில் கெம்போங் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது ரெஜினா மேரியின் மகள் ஜெசிந்தாவிடமிருந்து அழைப்பு வந்தது. "டாக்டர், அம்மா போயிட்டாங்க. விடியக்காலைல, தூக்கத்துலயே," என்றாள். அழவில்லை. அவள் அம்மா வளர்த்த பிள்ளை. செய்தியை முதலில் முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் அழுவாள். மீன்காரர் பையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் அதை வாங்காமலேயே காருக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று பிற்பகல் நிபோங் திபாலில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவர் கணவர் அந்தோணி அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்திருந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "இவங்கதான் ரெஜினாவோட டாக்டர். எல்லாத்தையும் இவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. ரெஜினா எப்பவும் சொல்லும்." நான் தலையாட்டினேன். துக்க வீட்டில் மறுத்துப் பேசக் கூடாது என்பது ஒரு காரணம். மறுக்காமல் இருப்பது எனக்குச் சுகமாகவும் இருந்தது. திரும்பி வரும்போது பினாங்குப் பாலத்தின் மேல் நெடுநேரம் வெட்கப்பட்டேன்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று ஜெசிந்தா கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டது அதனால்தான். இதைப் படிக்கப்போகும் உங்களில் பலர் தொழிற்சாலையில் அவரோடு இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே உற்பத்தி லைனில் நின்றவர்கள். சிலர் அவரோடு வகுப்பில் உட்கார்ந்தவர்கள், அவர் பிள்ளைகள் வயதுடையவர்கள். மற்றவர்கள் கோவிலில் அவர் பக்கத்தில் அமர்ந்தவர்கள். ரெஜினா மேரி என்னைப் பற்றி உங்களிடம் சொன்னது பாதிக் கதை. மீதிப் பாதியை அவர் சொல்லியிருக்க மாட்டார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வந்திருக்காது. ஆகவே நானே சொல்கிறேன்.

முதலில், அவரை நான் எப்படிச் சந்தித்தேன் என்பது. நான் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்கள் இறுதியாண்டில் ஒரு விரிவுரையாளரின் மேற்பார்வையில் இரண்டு பருவம் சொந்தமாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும். தலைப்புப் பட்டியல் ஒட்டிய மறுநாள் என் கதவைத் தட்டிக்கொண்டு ஓர் அம்மையார் வந்தார். பருத்திச் சுடிதார், கையில் மோட்டார் தலைக்கவசம், ஐம்பதை நெருங்கும் வயது. பெற்றோர் யாரோ மகனுக்காகப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படிப்பட்டவர்கள் வருவதுண்டு, எனக்குப் பிடிக்காது.

"எந்தப் பிள்ளையோட அம்மா நீங்க?" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

"பிள்ளையே நான்தான் டாக்டர்," என்றார். "மூணாவது தலைப்பு. வானத்துலேருந்து வர்ற துகள எண்றது. அது எனக்கு வேணும்."

தொழிற்சாலை தன் லைனை வேறு நாட்டுக்கு மாற்றியபோது, பணிக்கொடையை வாங்கிக்கொண்டு பலரும் கடை வைத்தார்கள். ரெஜினா பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். எனக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. வெளியில் பார்த்திருந்தால் அக்கா என்றுதான் கூப்பிட்டிருப்பேன். ஆனால் அவர் முதல் நாளிலிருந்தே என்னை டாக்டர் என்றார். நானும் மிசஸ் ரெஜினா என்றேன்.

அந்த மூன்றாவது தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நம் காற்றில் மோதி, மியூவான் என்ற சிறு துகள்களாகப் பொழிந்துகொண்டே இருக்கின்றன. இதைப் படிக்கும் உங்கள் உள்ளங்கை வழியாகவும் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. எங்கள் ஆய்வகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள் இருந்தன. மியூவான் கடக்கும்போது தட்டு மிக மெல்ல மின்னும். இரண்டும் ஒரே கணத்தில் மின்னினால் கருவி ஒன்று என்று எண்ணும். அந்த மினுக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் தட்டுகள் கும்மிருட்டில் இருக்க வேண்டும். ஆகவே அவற்றைக் கறுப்புத் தாளிலும் கறுப்பு டேப்பிலும் சுற்றி வைப்போம். அப்படிச் சுற்றியது நான். டேப்பை வாங்கியதும் நான்தான்.

அந்தக் கருவியில் நான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன், அல்லது அப்படி நம்பியிருந்தேன். பிற்பகலில் எண்ணிக்கை சற்றே கூடியது. மாலையில் இறங்கியது. மழை நாளில் கூடவில்லை. பினாங்கின் வெயிலில் மேல்காற்று சூடாகி விரிவதால் துகள்களின் பயணம் மாறுகிறது என்று விளக்கம் எழுதினேன். மழைக்கும் அதிலேயே இடம் இருந்தது. எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கட்டுரை வெளியானது. துறை அதைப் பெரிதாக அச்சிட்டு, என் படத்தோடு நடைவழிச் சுவரில் மாட்டியது. இணைப் பேராசிரியர் பதவிக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். அந்த விண்ணப்பத்தின் முதுகெலும்பே இந்தக் கட்டுரைதான். ரெஜினாவுக்கு நான் கொடுத்த வேலை, இன்னொரு பருவத்துத் தரவு சேர்த்து அதை உறுதிப்படுத்துவது. உறுதிப்படுத்துவது என்றுதான் தலைப்பிலேயே எழுதியிருந்தேன். நல்ல ஆய்வாளர் யாரும் அந்தச் சொல்லைத் தலைப்பில் வைக்க மாட்டார்.

அவர் வேலை செய்யும் விதம் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. தடித்த அட்டைக் குறிப்பேடு ஒன்று வாங்கி, பேனாவால் மட்டுமே எழுதுவார். பிழை வந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தன் முதலெழுத்தைப் போடுவார். அடித்தது கீழே படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கும் புத்தகத்தில் அப்படித்தான் எழுதுவார்களாம். எண்ணிக்கை, நேரம், வெப்பநிலை எல்லாம் சரி. அதோடு, "பத்து மணிக்குத் துப்புரவு அக்கா வந்தார்," "பக்கத்து அறையில் துளை போடுகிறார்கள்," "சாயம் அடிக்க ஆள் வந்தார், இரும்பு அலமாரியைச் சன்னலுக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்" என்றெல்லாம் இருக்கும்.

"இது என்ன, ஆய்வுக் குறிப்பா, வீட்டுக்கு யார் யார் வந்தாங்கன்ற கணக்கா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அவரும் சிரித்தார். "லைன்ல ஒரு தடவ ரிஜெக்ட் ஏறிக்கிட்டே போச்சு டாக்டர். இன்ஜினியருங்க மூணு நாள் மெஷின கழட்டிக் கழட்டி மாட்டுனாங்க. கடைசில பாத்தா, தரை கழுவுற சோப்ப மாத்தியிருக்காங்க. மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. அன்னிலேருந்து ரூமுக்குள்ள எது நடந்தாலும் எழுதிருவேன்லா. என்ன பாத்தேனோ அத எழுதுவேன். என்ன நினைச்சேனோ அத வாய்க்குள்ள வெச்சுக்குவேன்."

இரண்டாம் பருவம் தொடங்கி ஐந்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, குறிப்பேட்டைத் திறந்து என் மேசைமேல் வைத்தார். சாயம் அடித்த நான்கு நாள்களின் பக்கம். நான்கு நாளும் கொளுத்தும் வெயில். நான்கு நாளும் பிற்பகலில் எண்ணிக்கை கூடவே இல்லை. அலமாரியை எடுத்த அன்று மறுபடி கூடியிருந்தது.

"டாக்டர், மழை நாள்ல வரல. வெயில் நாள்ல வருது. நீங்க வானம்னு எழுதியிருக்கீங்க. வானம் வரைக்கும் ஏன் போகணும்? சன்னல் பக்கத்துலயே இருக்கே."

எனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. மேற்குப் பார்த்த சன்னல். மூன்று மணிக்கு மேல் வெயில் நேராகத் தட்டுகளின்மேல் விழும். நான் வாங்கியது வயர் சுற்றுகிற சாதாரண டேப். துறை வழியாக முறையான டேப் வர மாதக் கணக்காகும் என்று பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கியது. வெயில் பட்டால் அதன் பசை இளகி, விளிம்பு மயிரிழை அளவுக்கு விலகும். இரண்டு தட்டுக்குள்ளும் ஒளி நுழையும். தற்செயலாக ஒரே கணத்தில் விழும் அந்த ஒளியையும் கருவி சேர்த்து எண்ணும். சாயங்காலம் குளிர்ந்ததும் விளிம்பு மறுபடி படிந்துவிடும். காலையில் வந்து பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். நான் காலையில் மட்டும்தான் பார்ப்பேன்.

புரிந்ததும் ஓர் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் அதைச் செய்யவில்லை. எங்கள் வீடு யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த வம்சம். கோப்பில் பிழை விடுவதைவிடக் களவு செய்வது மேல் என்று நினைக்கிற வீடு. எனக்குப் பயம் வந்தது. பதவி உயர்வுக் குழு அடுத்த மாதம் கூடவிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, அதுவரை ஒருநாளும் பேசாத குரலில் பேசினேன்.

"அக்கா, இது உங்க தலைப்புக்கு வெளிய இருக்கு. இதுல இறங்குனா உங்க அறிக்கை முடியாது. இந்த நாலு நாளையும் விட்டுட்டு மத்தத மட்டும் போடுங்களேன். எனக்காக."

அவர் குறிப்பேட்டை மூடினார். பிறகு, கோபம் துளியும் இல்லாமல் சொன்னார்:

"அக்கான்னு கூப்பிட்டுட்டீங்கன்னா நான் இல்லன்னு சொல்ல முடியாது டாக்டர். அக்கான்னு சொல்லி யாரு என்ன கேட்டாலும் குடுத்துத்தான் பழக்கம். அதனால அப்படிக் கேக்காதீங்க. டாக்டராவே கேளுங்க. அப்பத்தான் நான் யோசிச்சுப் பதில் சொல்ல முடியும்."

நான் வாயைத் திறந்தேன். டாக்டராக அதைக் கேட்க ஒரு வாக்கியம்கூட அமையவில்லை. எப்படித் தொடங்கினாலும் பாதியிலேயே அது என்ன என்று எனக்கே தெரிந்துவிட்டது.

"டாக்டரா கேக்க முடியல," என்றேன்.

"அப்ப சரி," என்றார். "எனக்கு மூணு வாரம் குடுங்க. ஒருவேள நான்தான் தப்போ என்னவோ. மெஷின் சொல்லட்டும்."

அவர் மதிப்பெண்ணில் பாதி என் கையில் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். மூன்றரை ஆண்டுகள் நிபோங் திபாலிலிருந்து பாலத்தின்மேல் மோட்டாரில் வந்து படித்த படிப்பு அது. காற்று பலமாக இருக்கும் நாளில் கார்களே தள்ளாடும் பாலம். நான் மனம் கெட்டுப்போயிருந்தால் அதைக் கெடுத்திருக்க முடியும். அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரமும் அவர் செய்ததை இப்போது முதலாண்டு மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்கிறேன். முதல் வாரம் சன்னலை அலுமினியத் தாளால் மூடினார், டேப்பைத் தொடவில்லை. எண்ணிக்கை கூடவில்லை. இரண்டாம் வாரம் தாளை எடுத்துவிட்டு, தட்டுகளின்மேல் தடித்த கறுப்புத் துணியைப் போர்த்தினார். கூடவில்லை. மூன்றாம் வாரம் துணியையும் எடுத்துவிட்டார். ஆனால் பழைய டேப்பைப் பிரித்து, தன் பழைய சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்த சூடு தாங்கும் டேப்பால் புதிதாகச் சுற்றினார். வெயில் நேராக விழுந்தது. எண்ணிக்கை அசையவில்லை. "ஒண்ண மாத்து, ஒண்ணப் பாரு. ரெண்ட ஒண்ணா மாத்துனா, நல்லது நடந்தாலும் யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியாது," என்பார். மூன்றாவது வாரக் கடைசியில் நானும் அவரோடு பிற்பகல் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். வேர்த்து ஊற்றியது. திரையில் கோடு தட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது. என் மூன்று ஆண்டு உழைப்பு பொய்யாகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார் என்று வியந்துகொண்டும் இருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வாய்மொழித் தேர்வு நாளில் மூன்று பேர் கொண்ட குழு. ரெஜினா நீலச் சேலை கட்டி வந்திருந்தார். அவர் முடித்ததும் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது உங்கள் மேற்பார்வையாளரின் வெளியான முடிவுக்கு எதிராக இருக்கிறது. அவருக்கு இது தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ரெஜினா என்னைப் பார்த்தார். பிறகு தன் ஆங்கிலத்தில், நிதானமாக, "தெரியும் சார். மூன்றாவது வாரம் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். இதை நாங்கள் சேர்ந்து கண்டுபிடித்தோம்," என்றார்.

சேர்ந்து கண்டுபிடித்தோமாம்! எனக்கு ஒரு கதவு திறந்து வைத்திருந்தார். நான் சத்தமில்லாமல் நுழைந்து உட்கார்ந்துகொண்டிருக்கலாம். நான் எழுந்து நின்றேன். "இல்லை. கண்டுபிடித்தவர் இவர். பிழை என்னுடையது. இதை விட்டுவிடச் சொல்லிக் கேட்டதும் நான்தான். இவர் மறுத்தார்," என்றேன். ரெஜினா தலையைக் குனிந்துகொண்டு தமிழில் மெல்ல, "அதெல்லாம் எதுக்குலா இப்ப," என்றார். மூவரில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. நல்லவேளை, என் கண் கலங்கியதற்குக் காரணம் அவமானம் என்று நினைத்துக்கொண்டார்கள். என் ஆசிரியப் பணியில் நான் அதிகம் பெருமைப்பட்ட நாள் அது.

கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தம் எழுதினோம். முதல் பெயர் ரெஜினா மேரி, இரண்டாவது பெயர் நான். சுவரிலிருந்த என் படத்தை நானே கழற்றினேன். அந்த ஆண்டு பதவி உயர்வு வரவில்லை. வருத்தமாக இருந்ததா என்றால், ஆம், நிறையவே. பிறகு வேறு வேலைக்காக அது வந்தபோது முதலில் வாழ்த்தியவர் அவர்தான்.

திருத்தம் அச்சானதும் அதை எடுத்துக்கொண்டு பாயான் பாருவில் பழைய தோழிகள் கூடும் சாப்பாட்டுக் கடைக்கு என்னையும் இழுத்துப் போனார். உங்களில் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள். ரொட்டி சானாய்ப் பரோட்டாவின் எண்ணெய் படாமல் இருக்க அந்த ஒற்றைத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். ஒருவர் கேட்டார், "இவ்ளோ படிச்சு என்னடி கண்டுபிடிச்சே ரெஜி?"

"ஒண்ணும் இல்லன்னு கண்டுபிடிச்சேன்," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சும்மா சிரிக்காதீங்கடி. இருக்குன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இல்லாததப் பாத்து இல்லன்னு சொல்றதுக்கும் ஒரு ஆள் வேணும்ல," என்றார். என் பெயரையோ, அது யாருடைய பிழை என்பதையோ அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தபோது மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

பட்டம் பெற்ற பிறகு இரண்டு ஆண்டுகள் எங்கள் ஆய்வகத்தில் பகுதி நேரப் பயிற்றுநராக இருந்தார். சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக ஆரம்பித்த பிறகும், மற்ற நாள்களில் வந்தார். மோட்டார் ஓட்ட முடியாமல் போனதும் அந்தோணி அண்ணன் கொண்டுவந்து விட்டார். கடைசியாக வந்த நாளில் ஒரு மாணவனின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வழவழன்னு இருக்குதே தம்பி, எந்தப் புள்ளிய எடுத்துட்டே?" என்று கேட்டார். அவன் இரண்டு புள்ளிகளை எடுத்திருந்தான்.

அந்தோணி அண்ணே, உங்கள் வீட்டு வாசலில் நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். சமன்பாடுகளைச் சொல்லிக் கொடுத்தது நான். அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். ரெஜினா அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கும் கிடைக்கவில்லை. அவரை என் மாணவி என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கிடைத்ததே எனக்குப் பெரிய பேறு.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு வழக்கம். இறுதியாண்டு ஆய்வுக்கு என்னிடம் வருகிறவர் யாராக இருந்தாலும், முதல் வாரம் என் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, நான் எங்கே தவறியிருக்கிறேன் என்று தேடச் சொல்கிறேன். பெரும்பாலோர் ஒன்றும் இல்லை என்று மரியாதையாகத் திரும்பி வருவார்கள். அவர் இறந்து இரண்டு வாரம் கழித்து, சுங்கை பாக்காப்பிலிருந்து வரும் ஒரு மாணவி கதவருகில் தயங்கி நின்றாள். "டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நாலாவது பக்கத்துல ஒரு வரி..." என்றாள். எனக்குப் பயம் வந்தது, பழைய மாதிரியே. அது போகவே போகாது போலிருக்கிறது. கதவைச் சாத்தவில்லை. உள்ளே வரச் சொல்லி, அவள் காட்டிய வரியை இரண்டு முறை படித்தேன்.

அவள் சொன்னது சரி.